‘அங்கால’ நிற்பவர் யார்?

அச்சுவேலியின் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கு நாசினி விசிறுங் காட்சியை விடியற்காலை வேளைகளில் எவரும் காணலாம். முதுகிலே விசிறுகருவி, இடுப்பிலே மடித்துக் கட்டிய சாரம், வாயையும் மூக்கையும் மறைக்கும் ஒரு பழைய சால்வைத் துண்டு. அத் துண்டு வியர்வையிலே நனைந்து, நழுவிக் கழுத்தில் விழுவதும், மருந்து பட்ட கையாலேயே அதனை மேலே இழுத்து விடுவதும் தொழிலின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டன. அப்படியொரு காலை வேளையில், வரம்பிலே நின்ற ஒரு முதியவரை நாம் கேட்டோம்: “ஐயா, முகத்துக்கு இந்தத் துணி போதுமோ?”

“காத்துக்கு எதிரா நிண்டு அடிக்கப்படாது, தம்பி. காத்தை முதுகில வாங்கிக்கொண்டு அடிச்சால் எல்லாம் அங்கால போயிடும்.”

தலைமுறை தலைமுறையாகப் பெற்ற அநுபவத்தின் சாரம் அது. அதிலே பிழை காண நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர் காட்டிய ‘அங்கால’ என்ற திசையிலே நாம் பார்த்தோம். அடுத்த துண்டுக் காணியிலே நாலைந்து பெண்கள் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி அங்கே பிறந்தது. ஒரு பொருள் நஞ்சா அன்றா என்பது திட்டமாகத் தெரியாத காலத்தில், அத் தெரியாமையின் பாரத்தை யார் சுமப்பது? ‘அங்கால’ என்று நாம் கைகாட்டும் இடத்தில் யார் நிற்கின்றார்கள்? இது விஞ்ஞானிகளுக்குரிய கேள்வி என்று பலர் ஒதுக்கிவிடுவர். விஞ்ஞானம் இதற்கு வேண்டிய செய்திகளைத் தரும். விடையைத் தருவது வேறொன்று.

செய்திகளிலிருந்தே தொடங்குவோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஒரே நாளில் சேதனப் பயிர்ச்செய்கைக்கு மாறுமாறு நாட்டுக்கு ஆணையிட்ட விந்தையை நம் கமக்காரர் மறந்திருக்க மாட்டார்கள். பயிர் வாடத் தொடங்கியது. அப்பொழுது, அவ்வாண்டு ஒக்டோபரில், இந்தியாவிலிருந்து விமானமூலம் ஒரு திரவம் வந்திறங்கியது. அதுதான் நனோ நைதரசன் என்று இங்கே அழைக்கப்பட்ட நனோ யூரியா. அவ்வாண்டு மே 31ஆந் தேதிதான் இந்தியாவின் பெருங் கூட்டுறவுப் பசளை நிறுவனமான இஃப்கோ, உலகின் முதல் நனோ யூரியாத் திரவம் என்று அதனை அறிமுகஞ் செய்திருந்தது. அறிமுகமாகி ஐந்து மாதத்துள் அது கடல் கடந்தது.

அதன் விளம்பரம் கூறியது யாதெனில், 500 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்று, 45 கிலோகிராம் யூரியா மூடை ஒன்றுக்கு ஈடாகும் என்பது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தக்க கணக்கு இது. போத்தலில் உள்ள நைதரசன் நூற்றுக்கு நான்கு. அதாவது ஏறக்குறைய 20 கிராம். மூடையில் உள்ளது நூற்றுக்கு நாற்பத்தாறு. அதாவது 20 கிலோகிராமுக்கும் மேல். ஆயிரத்திலொரு பங்கு, ஆயிரம் பங்கின் வேலையைச் செய்யுமாம்! 2023இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் இக் கூற்றுக்கு விஞ்ஞான ஆதாரம் உண்டா என்று வெளிப்படையாகவே வினவி எழுதினர். பயன் பற்றிய விவாதம் அப்படியிருக்க, நமது அக்கறை வேறு. இத் திரவத்தின் துணிக்கைகள் 20 முதல் 50 நனோமீற்றர் அளவின என்கின்றனர். அதனை மண்ணிலே இடுவதில்லை, இலையிலே விசிறுவது. விசிறுவதென்றால் காற்று வருகின்றது. காற்று வந்தால் மூச்சு வருகின்றது.

நனோ யூரியா தீங்கானது என்று நாம் சொல்லவில்லை. யூரியா நம் உடம்பு தானே ஆக்கித் தானே வெளியேற்றும் ஒரு பொருள். விசிறுகருவியிலிருந்து வரும் துளிகளிற் பெரும்பாலானவை நெஞ்சின் ஆழத்துக்குச் செல்ல இயலாத பருமன் கொண்டவை. நனோ இடுபொருள்களை எவ்வாறு சோதிக்க வேண்டும் என்பதற்கு இந்திய அரசு 2020இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றின்படி சோதித்தே விற்கின்றோம் என்று உற்பத்தியாளர் கூறுகின்றனர். இவை யாவும் நியாயமாகக் கணக்கிலெடுக்கப்பட வேண்டியவை. அப்படியானால் நமக்கு என்ன மனத்தாங்கல்? அதனைச் சொல்லுமுன் நுரையீரலைப் பற்றிச் சிறிது பேச வேண்டியிருக்கிறது.

மனித நுரையீரலிலே முப்பது கோடிக்கும் மேற்பட்ட சிற்றறைகள் உள்ளன. அவற்றை விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுரமீற்றர் வரும். அவ்வளவு பெரிய பரப்பிலே காற்றையும் குருதியையும் பிரித்து நிற்கும் சுவர், ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கினும் மெல்லியது. உடம்பின் வேறெந்த வாசலும் இத்துணை அகலத் திறந்து கிடப்பதில்லை. உண்ணாமல் இருக்கலாம், உண்பதைத் தேர்ந்தெடுக்கலாம். மூச்சைத் தேர்ந்தெடுக்க முடியுமா? ஒருநாளைக்குப் பத்தாயிரம் லீற்றருக்குக் குறையாத காற்றை நாம் உள்ளே எடுக்கிறோம், அது யாருடைய காற்று என்று கேளாமலே.

பெரிய தூசியை மூக்கு மறிக்கும். நடுத்தரத் தூசியைத் தொண்டையின் சளி பிடித்துக்கொள்ளும். நூறு நனோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைகளோ சிற்றறை வரை தங்குதடையின்றிச் செல்லவல்லன. இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரு பொருளைப் பொடியாக்கப் பொடியாக்க அதன் மேற்பரப்புப் பெருகுகிறது. ஒரு சென்றிமீற்றர்ப் பக்கமுள்ள சிறு கட்டி, ஒரு தாயக்கட்டை அளவு என்று வைத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 6 சதுரசென்றிமீற்றர். அதையே பத்து நனோமீற்றர்க் கட்டிகளாக நொறுக்கினால் மேற்பரப்பு 600 சதுரமீற்றர். நம்மூர்க் கணக்கில் இரண்டேகால் பரப்புக் காணிக்கும் மேல்! பொருள் அதுவே, எடையும் அதுவே. உடம்போடு உராயும் புறம் மட்டும் பத்து லட்சம் மடங்கு. ஆகவேதான் கட்டியாக இருக்கையில் சாதுவான ஒரு பொருள், துகளாகும்போதும் சாதுவாகவே இருக்கும் என்று அடித்துக் கூற முடியாது. எடையை நிறுத்து நஞ்சை அளந்த பழைய முறை இங்கே தடுமாறுகிறது.

இவ்வகைத் துணிக்கைகள் மனிதனுக்குப் புதியன என்று யாரும் எண்ணிவிட வேண்டா. பன்னாடையும் கொக்கரையும் எரியும் அடுப்படியிலே நம் தாய்மார் காலமெல்லாம் உண்ட புகையில் இவை கோடிக்கணக்கில் இருந்தன. சுருட்டுப் புகையிலும் இருந்தன. புதியது, இவற்றை மனிதன் தெரிந்து, திட்டமிட்டு, விலைக்குச் செய்வதாகும். அடுப்புப் புகைக்கு முதலாளி இல்லை. நனோத் துணிக்கைக்கு உண்டு. நமது நாட்டிலும் இத்துறை இல்லாமலில்லை. ஹோமாகமையில் உள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம் எலும்பின் கனிப்பொருளோடு யூரியாவை நனோ அளவிற் பிணைத்து, மெல்ல மெல்லக் கரையும் பசளையொன்றை உருவாக்கி 2017இல் உலகுக்கு அறிவித்தது. நம் விஞ்ஞானிகளின் அவ்வெற்றியில் நமக்கும் பெருமையே.

இத்தகைய துணிக்கைகளை எவ்வாறு சோதிப்பது? நெடுங்காலம் எலிகளைக் கூண்டிலடைத்துத் தூசியைச் சுவாசிக்க விட்டனர். இன்றும் அது நடைபெறுகிறது. 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் நீண்ட காபன் நனோக் குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது, கல்நார் இழைகள் உண்டாக்கும் அழற்சியையே கண்டனர். துப்புரவு செய்யவந்த கலங்கள் தம்மினும் நீண்ட இழையை விழுங்க மாட்டாமல் திணறின. அச் சோதனை ஓர் எச்சரிக்கை. எனினும் வாயில்லாச் சீவனை வதைத்து நமது பயத்தைத் தீர்த்துக்கொள்வது பற்றி மனச்சாட்சி உறுத்தாமல் இராது. அவ்வுறுத்தலும், செலவும், எலியின் நெஞ்சு மனித நெஞ்சன்று என்ற உண்மையும் சேர்ந்தே கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் மனிதக் கலங்களை நோக்கி விஞ்ஞானிகளைத் திருப்பின.

உலகெங்கும் இத்துறையில் மிகுதியாகப் பயன்படும் நுரையீரற் கலவரிசை ஒன்றுக்கு ஏ549 என்று பெயர். 1972இல், ஐக்கிய அமெரிக்காவிலே, நுரையீரற் புற்றுநோய் கண்ட ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவரின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் பெயரை ஆய்வேடுகள் சொல்வதில்லை; எண்ணே பெயராயிற்று. இதற்கும் முன், 1951இல், பால்ற்றிமோர் நகரத்து மருத்துவமனையொன்றில் ஹென்றியெற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கலங்கள் அவரது சம்மதமின்றியே எடுக்கப்பட்டன. வேர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களிலே உழைத்தவர் அவர். புகையிலை நட்ட கைகளைக் கொண்ட நம்மூர்ப் பெண்களுக்கு அவர் அந்நியரல்லர். அக்கலங்களைக் கொண்டு எத்தனையோ மருந்துகள் பிறந்தன. எத்தனையோ கம்பனிகள் கொழுத்தன. அவர் குடும்பத்துக்கும் ஒரு கம்பனிக்கும் இடையே இணக்கம் ஏற்பட்டது 2023இல். எழுபத்திரண்டு ஆண்டு கழிந்தபின்! விலங்கை விட்டு மனிதக் கலத்துக்கு வந்தோம் என்று அறத்தின் பெயரால் பெருமிதங் கொள்வோர், அக் கலம் யாருடையது என்ற கேள்வியையும் உடன் கொண்டுவர வேண்டும்.

சோதனையின் முறை எளிது. கலங்களை ஊட்டத் திரவத்திலே வளர்த்து, துணிக்கைகளை அதிலே கலந்து, ஒருநாள் கழித்து ஒரு மஞ்சட் சாயத்தை ஊற்றுவர். உயிருள்ள கலம் அதனை ஊதா நிறமாக்கும். இறந்த கலம் ஆக்காது. நிறத்தின் செறிவை அளந்தால் எத்தனை கலம் பிழைத்தன என்பது தெரியும். 1983 முதல் வழக்கிலுள்ள நம்பகமான முறை. ஆனால் 2006இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டறிந்தனர். காபன் நனோக் குழாய்கள் அந்த ஊதா நிறத்தையே பற்றிக்கொண்டு அளவீட்டைக் குழப்பின. கலங்கள் உயிரோடிருக்க, அளவுகோல் அவை இறந்தன என்று சொல்லிற்று! சோதிக்கும் கருவியே சோதிக்கப்படும் பொருளிடம் ஏமாந்துபோயிற்று. பொய் அபாயத்தைக் காட்டிய கருவி, வேறொரு பொருளின் முன் பொய் அபயத்தையும் காட்டலாமல்லவா? ஆதலால் ஒரே முறையை நம்பாமல் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாகச் சோதிக்கும் வழக்கம் வந்தது. விஞ்ஞானம் தன் தவற்றைத் தானே பிடித்துத் தானே வெளியிட்ட இத்தகைய சந்தர்ப்பங்களே அதன் மீது நமக்குள்ள மதிப்புக்கு அடிப்படை.

இதனிலும் பெரிய குறை ஒன்றிருந்தது. நுரையீரற் கலம் நீருக்குள் வாழ்வதன்று; ஒருபுறம் காற்றும் மறுபுறம் குருதியுமாக வாழ்வது. நீரில் அமிழ்ந்த கலத்தின் மேல் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். சில மிதந்தே நிற்கும். ஆகவே கலங்களை மெல்லிய சவ்வொன்றில் வளர்த்து, மேலே காற்றையும் கீழே ஊட்டத்தையும் விட்டனர். 2010இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் மேலும் ஒரு படி சென்று, கட்டைவிரலளவுச் சில்லொன்றில், ஒருபுறம் நுரையீரற் கலம், மறுபுறம் குருதிக்குழாய்க் கலம் வைத்து, இடையிலுள்ள சவ்வை மூச்சின் தாளத்துக்கேற்ப இழுத்தும் விட்டும் பார்த்தனர். 12 நனோமீற்றர்ச் சிலிக்காத் துணிக்கைகளை அதன்மேல் இட்டபோது கண்டது யாது? சவ்வு அசையாமல் இருந்தபோது கலங்கள் பெரிதும் அமைதியாக இருந்தன. மூச்சுவிடத் தொடங்கியதும் நஞ்சின் விளைவு கூடிற்று. துணிக்கைகள் மறுபுறத்துக் குருதிப் பக்கத்துக்கும் மிகுதியாகக் கடந்தன.

இச் செய்தியை முதன்முதல் வாசித்தபோது நாம் நெடுநேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தோம். மூச்சுவிடாத நெஞ்சுக்கு ஆபத்துக் குறைவு. மூச்சுவிடும் நெஞ்சுக்கு ஆபத்து மிகுதி! அப்படியானால் மூச்சிரைக்க உழைக்கும் நெஞ்சுக்கு? வாடகைக் காணியிலே, இருபது லீற்றர்ச் சுமையை முதுகிலே தாங்கி, வெயிலேறுமுன் வேலையை முடிக்க விரைபவனின் மூச்சு, நாற்காலியில் இருப்பவனின் மூச்சைப் போலப் பல மடங்கு. ஆய்வுக்கூடத்துக் கலம் துணிக்கையோடு ஒருநாள் வாழ்கிறது. அவன் நாற்பது ஆண்டு வாழ்கிறான். கலத்துக்கு வறுமையில்லை, இளைப்பு நோயில்லை, அடுப்புப் புகையில்லை, பழைய சீமெந்துத் தூசியில்லை. 1950இல் இயங்கத் தொடங்கி 1990இல் போரோடு நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையிலே உழைத்த தொழிலாளரின் நெஞ்சையும், ஊட்டத் திரவத்திலே வளர்த்த கலத்தையும் ஒன்றென வைத்து ‘பாதுகாப்பானது’ என்று முத்திரை குத்துவது எங்ஙனம்?

இதனால் கலச்சோதனை பயனற்றது என்றாகாது. அது இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தாலே அதன் அருமை விளங்கும். அக்காலத்தில் சோதனையே நடக்கவில்லை என்பது தவறு. நடந்தது, உழைப்பாளியின் நெஞ்சிலே நடந்தது.

ஆசிரியர்களாகிய நம் வாசகர்கள் சிலேற்றுப் பென்சிலை மறந்திருக்க மாட்டார்கள். அதன் கீச்சென்ற ஒலியிலேதான் நம்மில் எத்தனையோ பேர் ‘அ’ எழுதக் கற்றோம். இந்தியாவின் மத்தியப் பிரதேசத்திலே மந்தசோர் என்றொரு மாவட்டம். சிலேற்றுப் பென்சில் செய்வது அங்கே பெருந்தொழில். மின்சார வாளிலே கல்லை அறுக்கும்போது எழும் தூசி சிலிக்கா. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவகத்தார் அத்தொழிலாளரை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட முடிவின்படி, பரிசோதிக்கப்பட்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிலிக்காத் தூசியால் வரும் நெஞ்சுநோய் இருந்தது. தொடர்ந்து கவனித்தபோது இறந்துபோனோரிற் பலர் நாற்பது வயதைக் காணாதவர்கள். நாம் எழுதிய பென்சில் அங்கிருந்துதான் வந்தது என்று கூறோம். ஆனால் ஒரு குழந்தை அகரத்தைக் கற்பதற்காக ஒரு தகப்பனின் மூச்சு அறுக்கப்பட்டது என்பதை அறிந்தபின், அந்தக் கீச்சொலி நம் காதிலே முன்போல் ஒலிக்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை. 1930-31இல் மேற்கு வேர்ஜீனியாவின் ஹோக்ஸ் நெஸ்ற் என்னுமிடத்தில் யூனியன் காபைட் கம்பனிக்காக ஒரு சுரங்கம் குடையப்பட்டது. பாறையோ சிலிக்கா, உள்ளே இறங்கியோரிற் பெரும்பாலார் வேலைதேடி வந்த கறுப்பினத் தொழிலாளர். நூற்றுக்கணக்கில் மடிந்தனர், 1986இல் மருத்துவர் ஒருவர் கணித்த தொகை 764. சிலிக்காத் தூசி நெஞ்சை அழிக்கும் என்பது அன்றைக்கே தெரியாத செய்தியன்று. அக்கம்பனியின் பெயர் 1984 டிசம்பரில் போபாலில் மறுபடியும் கேட்டது.

ஆகவே ‘தெரியாது’ என்ற சொல்லை நாம் ஐயத்தோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது. தெரியாமை இருவகை. தேடியும் எட்டாத தெரியாமை ஒன்று, அதில் இழுக்கில்லை. தெரிந்துகொண்டால் செலவாகும் என்பதற்காகத் தேடாமல் விட்ட தெரியாமை மற்றொன்று. இரண்டாவதும் முதலாவதன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் சந்தைக்கு வருகிறது.

தெரிந்தபின்னும் என்ன நடக்கிறது என்பதற்கு நம் நாட்டுச் சான்று ஒன்று போதும். கல்நார் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் இன்று விஞ்ஞானிகளிடையே சந்தேகமில்லை. இலங்கை அரசு 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முனைந்தது. கல்நாரைப் பெருமளவில் விற்பது ருஷ்யா. 2017 டிசம்பர் நடுப்பகுதியில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் ஒரு வண்டு காணப்பட்டது என்று கூறி ருஷ்யா நம் தேயிலைக்குத் தடை போட்டது. சில நாளில் இலங்கை கல்நார்த் தடையை ஒத்திவைத்தது. மாத முடிவில் ருஷ்யா தேயிலைத் தடையை நீக்கிற்று. வண்டு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இதில் வெறும் வில்லனும் வீரனும் இல்லை என்பதுதான் துயரம். தேயிலை விற்காவிட்டால் மலையகத்துத் தொழிலாளியின் அடுப்பு எரியாது. கல்நார் வந்தால் கூரை வேயும் தொழிலாளியின் நெஞ்சு எரியும். ஓர் ஏழையின் கஞ்சியை மற்றோர் ஏழையின் மூச்சோடு தராசிலே வைத்தார்கள். தராசைப் பிடித்திருந்தவர்கள் இரண்டுமற்றவர்கள்.

நண்பர் ஒருவர், அவரும் முற்போக்காளரே, நம்மை மறுத்தார். “எல்லாவற்றையும் முற்றச் சோதித்த பின்னரே பயன்படுத்துவோம் என்றால் ஏழை நாடு பட்டினி கிடந்து சாகும். பணக்கார நாடுகள் சோதித்து முடிக்கும்வரை நாம் காத்திருப்பதா?” என்றார். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2021இன் பசளைத் தடையைக் கண்டவர்கள் எவரும், ‘ஆபத்து இருக்கலாம், ஆகவே நிறுத்து’ என்ற சுலோகத்தை இனிமேல் கண்ணை மூடிக்கொண்டு உச்சரிக்க மாட்டார்கள். அன்று நெஞ்சுக்கு இரங்கியோரும் கமக்காரனைக் கேட்கவில்லை. இன்று விளைச்சலுக்கு இரங்குவோரும் கேட்பதில்லை.

நாம் வேண்டுவது முழு நிச்சயமன்று. அது எவ்விஞ்ஞானத்திலும் கிடையாது. நாம் வேண்டுவது, நிச்சயமின்மை பங்கிடப்படும் முறையிலே நியாயம். இலாபத்தின் பங்கைப் பேசும்போது எத்தனை கணக்கர், எத்தனை வழக்கறிஞர்! ஆபத்தின் பங்கைப் பேசும்போது மட்டும் ‘அங்கால போயிடும்’ என்பதே கணக்காகிவிடுகிறது. விற்பவன் சோதிக்கட்டும், சோதித்ததை விற்பவனல்லாத ஒருவரும் சோதிக்கட்டும். எந்தக் கலத்தில், எத்தனை நாள், மூச்சசைவோடா, மூச்சசைவின்றியா என்பதெல்லாம் பிரசுரமாகட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் இருக்கிறது. கிளிநொச்சியிலே அதன் விவசாய பீடம் இருக்கிறது. நம் தோட்டத்துக் காற்றிலே, நம் வெயிலிலே, நமது விசிறுகருவியின் முனையிலிருந்து புறப்படும் துளி காய்ந்து எவ்வளவு சிறிதாகிறது என்பதை அளப்பதற்கு ஹாவாட்டிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு கமநல சேவை நிலையத்துச் சுவரிலே, தமிழில், படிக்கக்கூடிய எழுத்திலே ஒட்டப்படட்டும். அதைப் படித்தபின்னும் ஒருவன் விசிறுவானேயானால் அது அவன் எடுத்த முடிவு. படியாமல் விசிறினால் அது பிறர் அவனுக்காக எடுத்த முடிவு. களை பிடுங்கும் பெண்களோ இந்த இரண்டிலும் சேராதவர்கள். கூலி குறைவு, காற்று மிகுதி. அவர்களை யார் கேட்டது? நம் முற்போக்குச் சங்கங்களும் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அச்சுவேலி முதியவரிடம் விடைபெறுமுன், வரம்பிலே கிடந்த மருந்துப் போத்தலை நாம் எடுத்துப் பார்த்தோம். ஒட்டியிருந்த தாளிலே எழுத்துகள் எறும்பினும் சிறியவை. “கண்ணாடி வீட்டில, தம்பி. என்னதான் போட்டிருக்கு எண்டு வாசிச்சுச் சொல்லும் பாப்பம்” என்றார். எத்தனை லீற்றருக்கு எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் வாசித்தோம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரியை வாசித்தோம்: விசிறும்போது சுவாசிப்பதைத் தவிர்க்கவும்.

அவர் சிரித்துவிட்டார். “மூச்சு விடாமல் எப்பிடித் தம்பி அடிக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே விசிறுகருவியை முதுகில் ஏற்றினார்.